மூன்று கிளைகள்

சித்திரை வெயிலில் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் குயில் கூவினால், சிவந்த கண்ணும் கறுத்த உடலுமாக ஆண் குயில் கிளையில் தெரியும். புள்ளிகள் நிறைந்த பெண் குயிலைப் பார்ப்பது அரிது. அவள் முட்டையிடுவதற்காகக் காக்கைக் கூட்டைக் கண்காணித்துக் கொண்டிருப்பாள்.

அதே தோட்டத்துப் புதரில் "உக், உக்" என்று ஒலிக்கும் செம்போத்தும் குயில் குடும்பம்தான். ஆனால் அது தானே கூடு கட்டி, அடைகாத்து, குஞ்சு வளர்க்கும். ஒரே குடும்பத்தில் ஏன் இத்தனை வேறுபாடு?

இதற்கு விடை சொல்லும் பரிணாம மரம் எனக்கு மிகப் பிடித்த சித்திரம். குயில்களின் மரபணுக்களை ஒப்பிட்டு மைக்கேல் சோரன்சனும் ராபர்ட் பெய்னும் வரைந்த அந்த மரம் 2005-இல் வெளிவந்தது. பிறர் கூட்டில் முட்டையிடும் வழக்கம் குயில் குடும்பத்தில் ஒரு முறையல்ல, தனித்தனியாக மூன்று முறை தோன்றியது என்று அது காட்டுகிறது. பறவைகள் அனைத்தையும் சேர்த்தால் ஏழு முறை!

தவிட்டுக்குருவிக் கூட்டில் அதன் முட்டை போலவே நீல முட்டையிடும் சுடலைக்குயில், நம் குயிலின் கிளையில் இல்லை. இரண்டும் ஒரே தந்திரத்தைத் தனித்தனியே எட்டியிருக்கின்றன. மரம் இல்லாமல் இதை எப்படி அறிவது?

இன்னொன்று: ஐரோப்பியக் குயிலும் நம் குயிலும் ஒரே கிளை. ஆனாலும் ஐரோப்பியக் குயிலின் குஞ்சு மற்ற முட்டைகளை முதுகால் தள்ளிவிடும்; நம் குயில் குஞ்சோ பெரும்பாலும் காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்கிறது.