ஆசிரியைக்கு வந்த மடல்

இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்கு வடகிழக்கே, முஜெல்லோ மலைப்பகுதியில் பார்பியானா என்றொரு சிற்றூர். ஓர் ஆலயமும் சிதறிக் கிடக்கும் சில குடியானவர் வீடுகளுமே ஊர். 1954-இன் இறுதியில் அருள்தந்தை லொரென்சோ மிலானி அங்கே அனுப்பப்பட்டார். அனுப்பியவர்கள் அதைப் பதவி உயர்வாக எண்ணவில்லை. பள்ளியில் தேறாது வெளியேறிய மலைச் சிறுவர்களுக்கு அவர் குருமனையிலேயே பள்ளி தொடங்கினார். அவர்களுள் எண்மர், தம்மவரைத் தேர்வில் தவறவிட்ட ஓர் ஆசிரியையை விளித்துக் கூடி எழுதியதே 1967-இல் வெளிவந்த 'ஓர் ஆசிரியைக்கு மடல்'.

மாணவர் மையக் கல்வி, எவரையும் விலக்காத வகுப்பறை என்னும் தொடர்கள் இன்று கருத்தரங்குகளில் தாராளமாகப் புழங்குகின்றன. கேட்க இதமாகத்தான் இருக்கின்றன. இந்நூலில் அந்த இதம் இல்லை. ஏழை வீட்டு மகன் ஜான்னியும் மருத்துவர் மகன் பியெரினோவும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகிறார்கள். ஒருவனுக்குப் புத்தக மொழியே வீட்டு மொழி. மற்றவனுக்கு அதுவே முதல் தடை. (எழுத்துத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் இடையிலுள்ள தொலைவை அறிந்த நமக்கு இது விளங்காததன்று.) பதினான்கு வயதுவரை அனைவருக்கும் பொதுவான பள்ளியை 1962-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருந்தும், தேர்வுகள் ஏழை வீட்டுப் பிள்ளைகளையே சலித்துக் கழித்ததைச் சிறுவர்கள் அட்டவணை போட்டுக் காட்டுகிறார்கள். நூலின் வலிமை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

பார்பியானாவில் கடைசி மாணவன் புரிந்துகொள்ளும்வரை பாடம் நகராது. மூத்தவன் இளையவனுக்குக் கற்பித்தான். மடல் எழுதப்பட்டதும் அம்முறையிலேயே. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியவற்றைத் துண்டுத் தாள்களில் எழுதினர், ஒத்தவற்றை ஒருசேர அடுக்கினர், மிகையை வெட்டினர். பின்னர் அதிகம் படித்திராத வெளியாரை அழைத்து உரக்கப் படிக்கச் செய்து, எங்கே பொருள் புரியவில்லை என்று கவனித்தனர். எந்த வரி எவருடையது என்று பிரித்தறிய இயலாத அந்த எளிய, கூரிய நடை இவ்வாறு பிறந்தது. வகுப்பில் பின்தங்கியவனுக்குத் தந்த மதிப்பையே வாசகருக்கும் தந்திருக்கிறார்கள்.

குறைகளும் உள. விளையாட்டும் ஞாயிறு விடுமுறையும் இல்லாத பள்ளியைப் பெருமையாகப் பேசுகிறது மடல். பெண்பிள்ளைகள் வராமற்போனதைச் சில வரிகளில் கடந்துவிடுகிறது. ஆசிரியையிடம் அது காட்டும் ஏளனமும் நமக்கு உவப்பாயில்லை. மிலானிக்கு நாள் முழுவதும் கையில் இருந்தது. அரசின் பாடத்திட்டமும் சில மணி நேரமும் மட்டுமே பெற்ற ஆசிரியை கடைசி மாணவனுக்காக எவ்வளவு காத்திருக்க முடியும்? மடலே இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. எவரையும் தவறவிடாதீர் என்பதோடு நில்லாது, பின்தங்கியோர்க்கு முழுநேரப் பள்ளி வேண்டும் என்றும் கேட்கிறது. நேரம் தராத அரசை விட்டு ஆசிரியையின் மீதே சினத்தைப் பொழிவதுதான் பொருத்தமாக இல்லை. மாற்றுத்திறனுடைய பிள்ளைகளைப் பொது வகுப்பிற்கு அழைத்து, உடன் துணையாசிரியரையும் அமர்த்தும் சட்டத்தை இத்தாலி 1977-இல்தான் இயற்றியது.

மடல் வெளிவந்த சில வாரங்களில், 1967 ஜூன் 26-இல், மிலானி 44 வயதில் மறைந்தார். நூலில் ஆசிரியர் பெயராக அவர் பெயர் இல்லை; 'பார்பியானா பள்ளி' என்றே அச்சிடப்பட்டிருக்கிறது.