கடல்மல்லையும் ஆங்கிலப் பாவும்

மாய்ந்தோரை எண்ணி அமைதியாய் இரங்கும் சுவையை ஆங்கிலப் பாவுலகில் பரப்பியது 1751-இல் வெளிவந்த கிரேயின் கல்லறை இரங்கற்பா. அச்சுவை நம் கடற்கரைக்கும் வந்தது. இந்தியாவைக் காணாத இராபர்ட்டு சதே, 1788-இல் அச்சான வில்லியம் சேம்பர்சின் மாமல்லைக் குறிப்பைத் துணைக்கொண்டு, 1810-இல் வெளியிட்ட 'கெகாமாவின் சாபம்' என்னும் காப்பியத்தில் கடல்கொண்ட 'பலி நகர'த்தைப் பாடினார். ஊர்ப்பெயர் மாவலியால் வந்ததன்று. மாமல்லன் நரசிம்மவர்மனால் வந்தது என்பதே ஆய்வாளர் பலரின் கொள்கை. பெயர்ப்பிழையை யாம் பெரிதாக எண்ணோம். செவிவழிக் கதையைப் புலவர் ஆள்வது இயல்பே. மதுராந்தகத்து மாணவரும் தமக்கு அணித்தான அக்கடலை அழிவின் கடலாகவே கற்பதுதான் எம் கவலை. திருமங்கையாழ்வார் பாடிய கடல்மல்லையோ, பொருளும் யானையும் மணியும் ஏற்றிய மரக்கலங்கள் பாரத்தால் தாழ்ந்து இயங்கிய துறை. அப்பாசுரத்தைப் பயின்ற பின்னரே சதேயின் நூலை மாணவர் கையில் தருதல் வேண்டும்.