எலுமிச்சை வேண்டாத மேசை

சிப்பியைத் திறந்ததும் எலுமிச்சைத் துண்டைத் தேடும் கை, பக்கத்தில் அல்பரீன்யோ இருந்தால் கொஞ்சம் பொறுக்கட்டும். எலுமிச்சையின் வேலையை இந்த வெள்ளை ஒயின் இன்னும் நயமாகச் செய்துவிடும்.

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியா மழைநாடு. அட்லாண்டிக் கடல் அங்கே விரல் விரலாக நிலத்துக்குள் நுழைந்து கிடக்கிறது. அந்தக் கடல்விரல்களுக்கு ரியா என்று பெயர். தெற்குப் பக்கத்து ரியாக்களை ஒட்டிய ரியாஸ் பைஷாஸ்தான் அல்பரீன்யோ திராட்சையின் வீடு. ஈரம் ஓயாத ஊரில் கொடியைத் தரையோடு விட்டால் பூஞ்சை தின்றுவிடும். ஆகவே கருங்கல் தூண் நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் பந்தல் போட்டு, அதில் படரவிடுகிறார்கள். கீழே கடற்காற்று தாராளமாக ஓடும். அறுவடைக்கு அண்ணாந்து நின்று குலைகளை வெட்ட வேண்டும்.

கடலோரக் குளிர்ச்சியில் பழம் பழுத்த பிறகும் புளிப்பு குறைவதில்லை. முகர்ந்தால் பீச், எலுமிச்சைத் தோல், வெள்ளைப் பூக்கள். விழுங்கிய பின் நாக்கின் ஓரங்களில் மெல்லிய உவர்ப்பு. இந்த உவர்ப்புக்காகத்தான் நான் இதை மற்ற வெள்ளை ஒயின்களுக்கு மேலே வைக்கிறேன்.

விகோ ரியாவின் கரையில் உள்ள ஆர்காதே என்ற ஊரின் சிப்பிகள் பேர்போனவை. பச்சையாக ஒன்று, அதன் பின்னே ஒரு மிடறு. சிப்பியின் உப்பு ஒயினின் பழவாசனையை மேலே தூக்கும். ஒயினின் புளிப்பு சிப்பியின் வழவழப்பைத் துடைத்து, அடுத்ததற்கு வாயைத் தயார்ப்படுத்தும். ரியாக்களில் மிதக்கும் மரத் தெப்பங்களிலிருந்து தொங்கும் கயிறுகளில் வளரும் கருநிற மட்டிகளை வெறுமனே ஆவியில் வாய் திறக்க வைத்தாலே போதும்.

சந்தை நாளின் உணவு பேய்க்கணவாய். பெரிய செப்புக் கொப்பரையில் வேகவைத்து, கத்தரிக்கோலால் வட்டம் வட்டமாக வெட்டி, மரத்தட்டில் பரப்பி, கல்லுப்பும் மிளகாய்த்தூளும் தூவி, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தருவார்கள். இதற்குச் சிவப்பு ஒயின்தான் என்று அடித்துச் சொல்பவர்கள் அங்கேயே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இவ்வளவு எண்ணெயை வெட்டப் புளிப்புதான் வேண்டும். பத்ரோன் ஊர்ப் பச்சைமிளகாயைப் பொரித்து உப்புத் தூவித் தின்னும்போதும் அப்படியே. பெரும்பாலும் சாது, எப்போதாவது ஒன்று சுரீரென்று ஏறும்.

உறையக் குளிர்ந்த கோப்பையில் வாசனை செத்துவிடும். 10 டிகிரி சரியாக இருக்கும். இளசாகவே குடித்துவிட வேண்டும் என்பதும் முழு உண்மையில்லை. நொதித்து அடங்கிய ஈஸ்ட் வண்டலோடு பல மாதம் கிடந்த அல்பரீன்யோவுக்குச் சதைப்பற்று கூடும். நன்றாகச் செய்தது பத்து வருடமும் தாங்கும். தேனும் பாதாம் பருப்பும் வாசனையில் தலைகாட்டும்.

அதைத் திறக்கும் நாளில் பெர்செபெஸ் கிடைத்தால் பாக்கியம். அலை வெறியோடு மோதும் பாறைகளில் ஒட்டி வளரும் கொட்டலசு இனம் அது. பறிப்பவர்கள் உயிரைப் பணயம் வைத்துத்தான் இறங்குகிறார்கள். உப்புத் தண்ணீரில் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். தோலை விரலால் திருகி உருவும்போது கடல்நீர் மணிக்கட்டில் வழியும். துடைக்காமல் கோப்பையை எடுங்கள்.