சான்றிதழ் காணாத கண்ணீர்

2011 மே 31-ஆம் நாள், பிபிசி தொலைக்காட்சியின் 'பனோரமா' நிகழ்ச்சியில் ஓர் ஆவணப்படம் வெளிவந்தது. இங்கிலாந்தில், பிரிஸ்டல் நகருக்கு அருகே 'வின்டர்போர்ன் வியூ' என்றொரு தனியார் மருத்துவமனை. ஆட்டிசம் உடையோரும் அறிவுத்திறன் குறைபாடு உடையோரும் வைக்கப்பட்டிருந்த இடம். பணியாளராக உள்ளே சென்ற செய்தியாளரின் மறைவான கேமரா கண்டது என்ன? அறைந்தனர், முடியைப் பற்றி இழுத்தனர், உடுத்த உடையோடு நீரில் நனைத்தனர். காக்க வந்த கைகள் செய்த காரியம் இது!

படத்தின் பெருமையை நாம் மறுக்கவில்லை. மூத்த செவிலியர் ஒருவர் முன்பே நிர்வாகத்திடம் முறையிட்டார். அரசின் கண்காணிப்பு ஆணையத்துக்கும் எழுதினார். கேட்பாரில்லை. கேட்கவைத்தது இந்தப் படம். 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2012-இல் அவர்களுள் 6 பேர் சிறை சென்றனர்.

ஆனால் தோழர்களே, கேமராவுக்கும் ஓர் எல்லை உண்டு. அடித்த கையை அது காட்டும். அடிக்க இடம் தந்த ஏற்பாட்டைக் காட்டுவது அரிது. ஒருவருக்கு வாரம் சராசரி 3,500 பவுன் பொதுப்பணம் அந்த நிறுவனத்துக்குச் சென்றது. பணம் தந்தவர்கள் பராமரிப்பைப் பார்த்தனரா? பெற்றோரையோ, படுக்கையறைப் பக்கமே விடவில்லை! கதவை மூடி வைத்த அந்த முறையன்றோ முதற் குற்றவாளி?

அதற்குத் தண்டனை கிடைத்ததா? மருத்துவமனையில் தேவையின்றி வைக்கப்பட்டோரை 2014 ஜூனுக்குள் ஊருக்குள் வாழவைப்போம் என்று அரசு வாக்களித்தது, வாக்குப் பொய்த்தது. 2019-இல் அதே நிகழ்ச்சி, டர்ஹாம் வட்டாரத்து 'வோர்ல்டன் ஹால்' மருத்துவமனையில் மீண்டும் கொடுமையைப் படம்பிடித்தது. அந்த இடத்துக்கு 2017-இல் ஆணையம் அளித்த மதிப்பு, 'நன்று'!

நமக்கு இதில் வியப்பில்லை. ஆய்வாளர் வரும் நாளில் பள்ளி எப்படிப் பளபளக்கும் என்பதை ஆசிரியராகிய நாம் அறியோமா? அன்று சுவர் வெள்ளையாகும்; பதிவேடு நிறைவாகும். பிள்ளையின் மனத்தை மட்டும் எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

பராமரிப்பின் தரத்தைக் கட்டணம் சொல்லாது, சான்றிதழும் சொல்லாது. அங்கே வாழ்பவர் 'வேண்டாம்' என்றால் நிறுத்துகிறார்களா? சொல் வராதவரின் சைகையைக் கற்றுக்கொள்ள ஆள் உண்டா? தாய் எந்நேரமும் உள்ளே வரலாமா? இவையே அளவுகோல். படம் பார்த்துக் கண்ணீர் விடுவது இரக்கம். கதவைத் திறந்து வைக்கச் செய்வது நீதி. அவர்கள் கேட்பது இரக்கமன்று.