உள்ளடக்கமும் உருவமும்: இணையத்தள முகாமைத்துவம் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

தமிழ் விமரிசன உலகிற்கு உருவம், உள்ளடக்கம் என்னும் சொற்கள் புதியன அல்ல. பேராசிரியர்கள் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் எழுதிய காலத்தில், இவ்விரண்டினுள் எது முதன்மை பெறவேண்டும் என்ற வாதம் ஈழத்து இலக்கியத்தில் சூடுபிடித்திருந்தது. இன்று அச்சொற்கள் எதிர்பாராத ஓரிடத்தில் மீண்டும் தலைகாட்டுகின்றன. இணையத்தளங்களை அமைப்பதற்கும் பேணுவதற்கும் பயன்படும் மென்பொருள் வகையொன்று ‘உள்ளடக்க முகாமைத்துவ முறைமை’ என்றே பெயர் பெற்றுள்ளது. வேர்ட்பிரஸ், துருபல், ஜூம்லா, மீடியாவிக்கி என்பன இவ்வகையைச் சார்ந்தவை. நம் நூல்களும் சஞ்சிகைகளும் இம்முறைமைகளுக்குள் குடிபுகுந்து வரும் இக்காலத்தில், அவற்றைத் தொழினுட்பவியலாளரின் கருவி என்று மட்டும் கருதி ஒதுக்கிவிடுதல் இலக்கிய மாணவருக்குத் தகுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

முதலில் இம்முறைமையின் இயல்பை நோக்குவோம். தொடக்ககால இணையத்தளத்தில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பாக எழுதப்பட்டது. சொல்லும் அதன் தோற்றத்தைக் குறிக்கும் கட்டளையும் அக்கோப்பில் பின்னிக் கிடந்தன. முகாமைத்துவ முறைமையோ எழுத்தைத் தரவுத்தளத்திலும் தோற்றத்தை வார்ப்புருவிலும் பிரித்து வைக்கின்றது. வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது இரண்டையும் இணைத்து வழங்குகின்றது. இதனால் கணினி நிரல் அறியாதவரும் எழுதலாம், திருத்தலாம், வெளியிடலாம். நிருவாகி, தொகுப்பாளர், எழுத்தாளர் எனப் பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்ளலாம். அச்சகத்தையும் பணத்தையும் எதிர்பார்த்து நின்ற நமது சிறுசஞ்சிகை மரபிற்கு இது பெரும் வாய்ப்பு என்பதில் ஐயமில்லை.

எனினும், உருவத்தையும் உள்ளடக்கத்தையும் இவ்வாறு முற்றாகப் பிரித்துவிட முடியும் என்ற எண்ணம் ஆராயத்தக்கது. 2003ஆம் ஆண்டு வெளிவந்த வேர்ட்பிரஸ், நாட்குறிப்புப் போன்று எழுதுவோருக்கென உருவானது. ஆகவே, புதியது மேலேயும் பழையது கீழேயும் அமைதல் அதன் இயல்பான ஒழுங்காயிற்று. செய்திக்கு அது பொருந்தும். ஓர் இலக்கியச் சஞ்சிகையின் பழைய இதழ்களை அதே ஒழுங்கில் இட்டால், முதல் இதழ் கண்ணுக்கெட்டாத ஆழத்திற்குச் சென்றுவிடும். வேறு ஒழுங்கை ஏற்படுத்த இயலும். ஆயின் அதனை ஒருவர் சிந்தித்துச் செய்தல் வேண்டும். வார்ப்புரு என்பது வெறும் ஆடை அன்று. எது முக்கியம் என்று முன்கூட்டியே கூறும் ஒரு தீர்ப்பு.

இவ்வகையில் ஈழத்தமிழரின் நூலகம் தளம் சிறப்பாக நோக்கத்தக்கது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்து கோப்புகளாக வழங்கியது. 2005இல் தொடங்கிய நூலகமோ, ஈழத்து வெளியீடுகளை மின்வருடி, மீடியாவிக்கி மென்பொருளின் துணையுடன் ஒவ்வொரு வெளியீட்டிற்கும் ஒரு பக்கம் வகுத்தது. ஆசிரியர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் முதலிய விபரங்கள் அப்பக்கத்தில் இடம்பெறுகின்றன. மீடியாவிக்கி விக்கிப்பீடியாவின் தேவைக்காக எழுதப்பட்டது; எவர், எப்போது, எதைத் திருத்தினார் என்னும் வரலாற்றைப் பேணுவது அதன் சிறப்பு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தைத் தீக்கிரையாகக் கண்ட சமூகத்திற்கு, முந்திய நிலையை மீட்டெடுக்க இடந்தரும் முறைமையொன்று பொருத்தமான தெரிவு என்றே கூறவேண்டும்.

ஆனால் முறைமை தானே முகாமை செய்வதில்லை. நமது பிரதேசத்து எழுத்தாளர் பெயர்களையே எடுத்துக்கொள்வோம். கல்முனை தந்த கவிஞரும் விமரிசகருமான எம். ஏ. நுஃமானின் பெயர், நுஃமான் எனவும் நுஹ்மான் எனவும் அச்சாகியுள்ளது. நம் பல்கலைக்கழகத்தின் தோற்றத்திற்குக் காரணராயிருந்த எம். எச். எம். அஷ்ரஃபின் பெயரை அஷ்ரப் எனவும் அஷ்றப் எனவும் எழுதுவாருளர். கல்முனையில் எவரும் இதில் மயங்கார். கணினிக்கோ எழுத்து வேறுபட்டால் ஆளும் வேறு. ஒரு பெயரை மற்றொன்றுடன் இணைக்கும் ‘வழிமாற்று’ வசதி மீடியாவிக்கியில் உண்டு. எவ்விரு பெயர்களை இணைப்பது என்பதை அம்மனிதரையும் அவர் ஊரையும் அறிந்தவரே கூறமுடியும். அன்றேல், ஒருவரின் எழுத்துப்பணி இரண்டாகச் சிதறும். அவரை ஆராயவரும் மாணவர் பாதியைக் கண்டு முழுமை என எண்ணுவர்.

அறபுத்தமிழ் இன்னும் கூரிய வினாவை எழுப்புகின்றது. அதன் மொழி தமிழ். எழுத்தோ வலமிருந்து இடமாகச் செல்லும் அறபு எழுத்து. தமிழென்றால் இடமிருந்து வலம் என்று கொள்ளும் வார்ப்புருவில் அதற்கு இயல்பான இடமில்லை. எழுத்தின் திசையைத் தனியே குறித்து இக்குறையைத் தீர்க்கலாம். ஆயினும் குறை உண்டென்று உணர்பவர் ஒருவர் முதலில் வேண்டும். முஸ்லிம்களின் இலக்கிய மரபொன்று கணினியில் இடம்பெறுவதும் விடுபடுவதும் இத்தகைய சிறு தெரிவுகளில் தங்கியுள்ளன.

இனி, பேணுதல் பற்றி ஒரு சொல். ஒலுவிலில் வாழும் நமக்கு இதற்கு வெளியுலக உதாரணம் வேண்டியதில்லை. 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயிலை மணல் மூடியது. அண்டிய கரையைக் கடல் அரித்தது. திறப்பு விழாவுடன் துறைமுகம் முடிந்துவிடவில்லை என்பதை மீனவரும் ஊரவரும் தம் வாழ்விழப்பால் அறிந்தனர். இணையத்தளமும் அத்தகையதே. மென்பொருளைப் புதுப்பிக்காவிடின் அந்நியர் நுழைய வழி திறக்கும். ஆட்களப் பெயருக்கான கட்டணம் தவறினால் முகவரியே பறிபோகும். பிரதி எடுத்து வையாவிடின் ஒரு பழுதில் யாவும் அழியும். எண்ணற்றோரின் பக்கங்களைத் தாங்கிய ஜியோசிற்றீஸ் 2009இல் மூடப்பட்டமை, பெருநிறுவனத்தின் நிழலும் நிலையானதன்று என்பதைக் காட்டிற்று.

மாணவர் சங்கங்களுக்கு இவ்வபாயம் மிக அண்மையிலுள்ளது. ஆண்டுதோறும் செயற்குழு மாறும். கடவுச்சொல் பட்டம்பெற்றுச் செல்பவருடன் சென்றுவிடும். ஆகவே, இதழாசிரியரைத் தெரிவு செய்வதுபோன்றே தளத்தைப் பேணுவோரையும் நாம் தெரிவு செய்தல் வேண்டும். கடவுச்சொல்லும் பிரதிகளும் எழுத்துமூலம் அடுத்த குழுவிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். பெயர்களை ஒழுங்குசெய்தல், இதழ்களை வகைப்படுத்தல் ஆகியவற்றைக் கலைப்பீட மாணவர் ஏற்றல் வேண்டும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடங்கண்ட பதிப்பாசிரியர் மரபின் தொடர்ச்சியே இப்பணி. உள்ளடக்கம் நம்முடையதாயின், அதன் முகாமையும் நம்முடையதாதல் வேண்டும்.