சதவீதமும் ஜீவனமும்

ஒரு மனிதன் தன் இரு கண்களில் ஒன்றை அடியோடு இழந்துவிட்டால் அவனுக்கு ஏற்பட்ட நஷ்டம் எவ்வளவு என்று நம் நாட்டுச் சட்டங்களைக் கேட்டால், அவை ஒரே விடையைச் சொல்வதில்லை. வேலைத்தலத்தில் விபத்துக்குள்ளான தொழிலாளிக்கு நஷ்டஈடு வழங்க 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் முதல் அட்டவணை, மற்றொரு கண் குறையின்றி இருக்கும் பட்சத்தில், அவனுடைய சம்பாதிக்கும் சக்தியில் 40 சதவீதம் போயிற்று என்றது. ஊனத்தை அளந்து சான்று வழங்குவதற்கென்று மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறைகளோ அதே மனிதனுக்கு 30 என்று எழுதுகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, வேலையில் இடஒதுக்கீடு முதலிய முக்கியச் சலுகைகளுக்கெல்லாம் 40 சதவீதத்தை எல்லையாக வைத்திருப்பதால், இந்தப் பத்துச் சதவீத வித்தியாசம் அம்மனிதனுக்கு எல்லாமும் ஆகிவிடுகிறது.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், ஆரணி வட்டத்தில், வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த கண்ணமங்கலத்தை வைத்து இந்த விஷயத்தைப் பரிசீலிப்பது பொருத்தமாக இருக்கும். ஏனெனில் உழவும், பட்டு நெசவும், மலையின் சாமையும் புளியும் தேனும் என்று, உடலின் ஒவ்வோர் அவயவத்தையும் வெவ்வேறு விதமாக வேலை வாங்கும் ஜீவனோபாயங்கள் இந்த வட்டாரத்தில் அருகருகே வாழ்கின்றன. ஆனால் சான்று வழங்கும் மருத்துவர்கள் காண்பது உடலை மட்டுமே. முட்டி எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம், காதுக்கு எந்த அளவு ஒலி எட்டுகிறது என்று பார்த்துக் கணக்கிட்டு ஓர் எண்ணை எழுதுகிறார்கள். வெளியே காத்திருப்பவர்கள் கேட்பதும் அந்த எண்ணைத்தான்: “எத்தனை பர்சன்ட் போட்டாங்க?”

இந்த முறையைக் குறை சொல்லப் புகுமுன் அது எந்தத் தீமையிலிருந்து நம்மைக் காத்தது என்பதை நியாயமாக எடுத்துச் சொல்ல வேண்டும். சென்னை ராஜ்யத்தில் 1962 ஏப்ரலில் முதியோர் உதவித்தொகை மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 1974 நவம்பரில் ஆதரவற்ற ஊனமுற்றோருக்கும் அது நீட்டிக்கப்பட்ட காலம் முதல், யார் ஆதரவற்றவர், யார் இயலாதவர் என்பதை நிர்ணயிப்பதில் கிராமத்து உத்தியோகஸ்தரின் அபிப்பிராயத்திற்கும் ஊர்ப் பெரியவர்களின் தயவுக்கும் இடம் இருக்கவே செய்தது. ஜாதியும் கட்சியும் நிலத்தகராறும் கலந்து கிடக்கும் ஓர் ஊரில், ஏழை விதவை ஒருத்தி தன் மகனின் கால் ஊனத்தை நிரூபிக்க இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டியதில்லை, அளவுகோலின் முன் நின்றாலே போதும் என்று ஆக்கியது சிறிய காரியமன்று. தனித்துவ அடையாள அட்டை வந்த பிறகு, கண்ணமங்கலத்தில் பெற்ற சான்றுக்குப் பம்பாயிலும் மதிப்பு உண்டாயிற்று. வருவாய்த் துறை வழங்கும் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆக உயர்ந்ததும், கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் முதலிய சில பிரிவினருக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வழங்குவதும் மெச்சத்தக்கவை. இவற்றையெல்லாம் சந்தேகமின்றிப் பாராட்டிவிட்டே மேலே செல்கிறேன்.

குறை எண்ணில் இல்லை; எண்ணிடம் நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. உதவித்தொகை ஜீவனத்திற்காகக் கொடுக்கப்படுவது. சதவீதமோ அவயவத்தைப் பற்றியது. குழித்தறியில் நெய்யும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தறியின் குழிக்குள் இரு கால்களையும் இறக்கி, மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தினால்தான் பாவு பிரிந்து நாடா ஓட வழிவிடும். அதே கணத்தில் கை கயிற்றை இழுக்க வேண்டும், காது தறியின் ஓசையில் இழை அறுந்ததை உணர வேண்டும். அவருடைய ஒரு காலின் பலவீனத்திற்கு 25 சதவீதமும் செவிக்குறைக்கு 15 சதவீதமும் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனக்கணக்கில் இது 40. ஆனால் நெறிமுறைகள் இரண்டையும் அப்படியே கூட்டுவதில்லை. பெரிய எண்ணோடு, சிறியதை 90இல் எஞ்சிய பகுதிக்கு ஏற்பச் சுருக்கிச் சேர்க்கின்றன. விடை 36க்குக் கீழே நின்றுவிடுகிறது. உடற்கூற்றின் நோக்கில் இந்தச் சூத்திரத்திற்குக் காரணம் உண்டு. இரு குறைகள் சேர்ந்து உடலை நூற்றுக்கு மேல் பாதிக்க முடியாதல்லவா? தறியின் நோக்கிலோ இரண்டும் சேர்ந்து அவர் தொழிலை முழுவதுமாக நிறுத்திவிட்டன. அதே எண்களுடைய ஒரு கணக்குப்பிள்ளை மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போகிறார். இருவரையும் ஒரே வரியில் நிறுத்துவது சமத்துவம் போலத் தோன்றினாலும், அது நெசவாளிக்கு இழைக்கப்படும் அநீதியே.

நம் நீதிமன்றங்கள் இதை அறியாதவை அல்ல. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை நடவாது என்ற எளிய உண்மையை ஏற்று, அவருடைய இழப்பு முழுமையானது என்று உச்ச நீதிமன்றம் 1975இலேயே உறுதி செய்தது. சாலை விபத்து நஷ்டஈட்டைப் பற்றிய ராஜ்குமார் வழக்கில், 2010இல், உடலின் ஊன சதவீதம் வேறு, சம்பாத்தியத்தின் இழப்பு வேறு என்று விரிவாகவே விளக்கியது. கையை இழந்த ஓட்டுநருக்கும் குமாஸ்தாவுக்கும் நஷ்டம் ஒன்றாகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மருத்துவப் படிப்பு கோரிய மாணவர் ஓம்கார் கோண்டின் வழக்கில் 2024 அக்டோபரில், சதவீதம் ஒன்றையே காரணமாகக் காட்டி வாசலை அடைக்கக் கூடாது, அவரால் படிக்க இயலுமா என்பதை வல்லுநர் குழு ஆராய்ந்து எழுத வேண்டும் என்றும் கட்டளையிட்டது. நஷ்டஈட்டிலும் கல்லூரியிலும் நுழைந்துவிட்ட இந்த நியாயம், உதவித்தொகை மனுவைப் பரிசீலிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்குள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

இதற்கான ஞானத்தைத் தேடி நாம் தூரதேசம் போக வேண்டியதும் இல்லை. கண்ணமங்கலத்திலிருந்து வேலூருக்குப் பேருந்தில் செல்பவர் கடந்து போகும் பாகாயத்தில்தான், 1966ஆம் ஆண்டு, டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் மறுவாழ்வு மருத்துவத்துக்கான நிலையம் எழுந்தது. 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த அந்த அம்மையார், டாக்டர் பால் பிராண்டின் வழிகாட்டுதலில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவருடைய உடலை மட்டும் அளந்திருந்தால் மிக உயர்ந்த ஒரு சதவீதம் கிடைத்திருக்கும். அவரால் என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தையும் சொல்லியிராது. நெசவாளிக்குக் குறைவாகவும் மருத்துவருக்கு மிகையாகவும் பேசுகிற ஓர் அளவையை ஜீவனத்துக்கு ஒரே சாட்சியாக வைத்துக்கொள்வது எப்படித் தகும்?

அப்படியானால் சதவீதத்தை விட்டுவிட்டு வேலைத்திறனை நேரடியாகச் சோதித்துவிடலாமே என்று சொல்பவர்கள், பிரிட்டனின் அனுபவத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே 2008 முதல் உதவி கோரும் நோயாளிகளுக்கும் ஊனமுற்றோருக்கும் வேலைத்திறன் சோதனை வைக்கப்பட்டது; நடத்தும் பொறுப்பு முதலில் அட்டோஸ் என்னும் தனியார் நிறுவனத்திடமும், 2015 முதல் மாக்ஸிமஸ் என்பதனிடமும் விடப்பட்டது. கேள்விப் பட்டியலில் 15 புள்ளிகள் சேராதவர் வேலைக்குத் தகுதியானவர் என்று பொதுவாகக் கொள்ளப்பட்டார். மேல்முறையீட்டில் ஏராளமான முடிவுகள் ரத்தாயின. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் வருமானமின்றி அல்லலுற்றன. “உன்னால் வேலை செய்ய முடியுமா?” என்ற கேள்வி, செலவைக் குறைக்க நினைக்கும் ஒரு நிர்வாகத்தின் கையில், உதவியைப் பறிக்கும் ஆயுதமாகிவிடும் என்பதற்கு இதைவிட வலுவான அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆகவே என் கருத்து இதுவே: மருத்துவச் சதவீதம் இருக்கட்டும், 40ஐத் தொட்டவரிடம் வேறு எதையும் கேட்க வேண்டாம். தொடாதவரிடம் மட்டும், அவருடைய தொழிலைப் பற்றி இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி அவரை எல்லைக்கு மேலே ஏற்றலாம், யாரையும் கீழே இறக்கலாகாது. இது நடவாத கற்பனை அன்று. மனநோயை அளப்பதற்கு இதே சட்டத்தின் கீழ்ப் பயன்படும் அளவுகோல், தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், புரிந்துகொண்டு பேசுதல் என்பவற்றோடு, வேலை செய்தலையும் ஒரு தனி அம்சமாக வைத்தே மதிப்பெண் இடுகிறது. மனத்துக்குக் கேட்கும் கேள்வியைக் காலுக்கும் கண்ணுக்கும் கேட்கத் தடை என்ன? தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையில் மாற்றுத்திறனாளிகள் 4 மணி நேரம் உழைத்தால் முழுக் கூலி என்று வகுத்தபோதும், தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது போன்ற காரியங்களை அவர்களுக்கென்று ஒதுக்கியபோதும், வேலையையும் உடலையும் சேர்த்துப் பார்க்க நம் நிர்வாகத்துக்குத் தெரியும் என்பது புலனாயிற்று.

அந்த இரண்டாவது கேள்வியை எங்கே வைத்துக் கேட்பது என்பதும் முக்கியம். 1989இல் வட ஆர்க்காடு பிரிந்தபோது கண்ணமங்கலம் திருவண்ணாமலை மாவட்டத்தோடு சேர்ந்தது. அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்க, மாவட்டத் தலைநகரோ வேலூரைப்போல் இரு மடங்குக்கும் மேலான தூரத்தில் இருக்கிறது. சொந்த மாவட்டத்தில் மட்டுமின்றி, சிகிச்சை பெற்ற அரசு மருத்துவமனையிலும் சான்று கோரலாம் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன என்பது உண்மையே. ஆனால் பிறவியிலேயே ஊனமுற்று, சிகிச்சை என்ற ஒன்றையே காணாமல் மலைக்கிராமத்தில் வளர்ந்தவருக்கு அந்த வழி திறப்பதில்லை. மருத்துவர்கள் மாதத்துக்கு ஒரு நாள் ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்கும் கண்ணமங்கலத்துக்கும் வரட்டும். அவர்களோடு, அந்தந்தத் தொழிலை அறிந்த ஒருவரும், நெசவுக்கு ஒரு நெசவாளி, மலைவேளாண்மைக்கு மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் என்று, உடன் அமரட்டும். புளியமரத்தில் ஏறிக் கிளையை உலுக்க எந்த விரல்கள் வேண்டும் என்பதை அவர் சொன்னால் மருத்துவர் எழுதிக்கொள்ளலாம். மத்திய அரசு நெறிமுறைகளை 2024 மார்ச்சில் திருத்தியது. அடுத்த திருத்தம் வரும்வரை காத்திராமல், உதவித்தொகை மாநிலத்தின் பணத்தில் வழங்கப்படும் அளவிற்கு அதன் நிபந்தனையைத் தமிழக அரசே ஓர் ஆணையால் மாற்றிக்கொள்ளலாம்.