சுவரும் நிலமும்

வடசென்னை வியாசர்பாடியின் அடுக்குமாடிக் குடியிருப்பைக் களமாகக் கொண்டு பா. இரஞ்சித் 2014-இல் இயக்கிய படம் 'மெட்ராஸ்'. அங்குள்ள ஒரு சுவரில் எக்கட்சித் தலைவரின் உருவம் விளங்குவது என்பதே பூசல். கணிப்பொறி நிறுவனத்தில் பணிபுரியும் காளியும், அரசியலில் உயரத் துடிக்கும் அன்பும் அச்சுவரின் நிழலில் வளர்ந்த நண்பர்கள். அன்பு பலியாகிறான், பகைவராய்த் தோன்றிய இரு தரப்பாரின் உள்ளுறவு பின்னரே வெளிப்படுகிறது.

1956-இல் வகுத்த எல்லைக்கு இப்பால், பாறசாலையிலும் நெய்யாற்றங்கரையிலும் வாழும் நமக்கு ஒரு நற்பேறு உண்டு. இராஜீவ் ரவியின் மலையாளப் படமான 'கம்மட்டிப்பாட'த்தையும் (2016) மொழித்துணையின்றியே நாம் சுவைக்கலாம். கொச்சி நகரம் வளர வளரத் தலித் மக்களின் நிலம் பறிபோகிறது. பறிப்போர்க்கு அடியாட்களாகின்றவர் அம்மக்களின் பிள்ளைகளான பாலனும் கங்காவுமே!

பழிவாங்கல் இரண்டிலும் உண்டு. 'மெட்ராஸ்' அதனை வெற்றியாக்கி, பிற்பகுதியில் வழக்கமான நாயகக் கதையாகத் தளர்கிறது. 'கம்மட்டிப்பாட'த்திலோ பழி தீர்ந்த பின்னும் இழந்த நிலம் மீள்வதில்லை. கங்காவாக நடித்த விநாயகனின் முகத்தில் அவ்விழப்பு முழுவதும் எழுதப்பட்டுள்ளது. கலை நேர்மையில் மலையாளப் படமே ஒரு படி மேல் எனலாம்.

எனினும், சுவரிலிருந்த உருவத்தை அழித்துக் குழந்தைகளின் கல்வியை நாடும் 'மெட்ராஸ்' நம் இளைஞர்க்கு ஒரு வழியையேனும் காட்டுகிறது. தம் சினம் யாருக்குக் கூலியின்றி உழைக்கிறது என்று அவர்கள் எண்ணிப் பார்க்க, இரண்டு படங்களும் வேண்டும்.